முற்றத்தில் நின்ற எல்லைக் கல்

அந்தக் கல் இப்போது எங்கே கிடக்கிறதென்று எனக்குத் தெரியாது. முழங்கால் உயரம் இருக்கும். ஒரு பக்கத்தில் அரசாங்கத்தின் அம்புக்குறி வெட்டியிருந்தது. தோட்டம் செய்யும் ஒரு கமக்காரரின் முற்றத்தில், வீட்டுக்கும் சமையல் செய்யும் குசினிக்கும் நடுவில் அது நின்றது. கல்லுக்குக் கிழக்கே என் பிரிவு. மேற்கே என் அத்தானின் பிரிவு. நான் அப்போது விதானையாக இருந்தேன். அக்காவைக் கட்டிய அத்தான் அடுத்த பிரிவுக்கு விதானை. பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ நான் சொல்லாத ஒன்றை இங்கே எழுதப் போகிறேன். கல்லிலிருந்து தொடங்கினால்தான் என்னால் எழுத முடியும்.

விதானை என்ற உத்தியோகம் இன்று இல்லை. பிறப்பு, இறப்பு, களவு, அடிபிடி, தொற்றுநோய் எல்லாவற்றையும் மேலிடத்துக்கு அறிவிப்பது விதானையின் வேலை. அவன் அறிவிக்காத ஒன்று அரசாங்கத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த எனக்கு இந்த உண்மை மற்ற விதானைமாரைவிடச் சீக்கிரமாகவே விளங்கியிருந்தது.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருடங்கள் அவை. பண்டத்தரிப்புக்குப் போகும் எங்கள் ஒழுங்கை பாம்பு போல வளைந்து நெளிந்து கிடந்தது. மோட்டார் வண்டிகள் வரத் தொடங்கியதும் அரசாங்கம் அதை நிமிர்த்தி, சற்று மேற்கே தள்ளி நேரான றோட்டாகப் போட்டது. பழைய ஒழுங்கை கிடந்த நிலத்தையும், அதற்கப்பால் இருந்த ஒரு துண்டுக் காணியையும், அதில் இருந்த கிணற்றோடு சேர்த்து, வேறு பக்கம் நிலம் இழந்த அந்தக் கமக்காரருக்குக் கொடுத்தார்கள். அவர் பழைய வேலியைப் பிரித்துப் புதிய றோட்டோரமாக அடைத்தார். கிணற்றுக்குக் கிட்ட இருக்கட்டுமென்று குசினியை அந்தப் பக்கம் கட்டினார். ஒழுங்கை அவருடைய முற்றமாயிற்று.

ஆனால் எங்கள் இரண்டு பிரிவுகளுக்கும் எல்லை அந்தப் பழைய ஒழுங்கைதான். றோட்டுப் போட்டது ஒரு அரசாங்கக் கந்தோர். எல்லை வைத்தது வேறொரு கந்தோர். றோட்டு நகர்ந்ததை எல்லைக்காரருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு விதானைமாரும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அளவைகாரர் வருவார்கள், அவர்களுக்குப் பின்னால் திரிய வேண்டும் என்ற பஞ்சியில், சோம்பலில் விட்டுவிட்டோம். அதோடு, அந்த முற்றம் எங்களுக்கு ஒரு விளையாட்டாகவும் இருந்தது.

அத்தானின் பிரிவில் சனங்கள் வாக்குப் போட்டுக் கள்ளுத் தவறணையை மூடியிருந்தார்கள். அங்கே பனை சீவுவது குற்றம். என் பிரிவில் குற்றமில்லை. கமக்காரரின் முற்றத்தில் கல்லுக்கு மேற்கே முளைத்த ஒரு பனை கிழக்கே சாய்ந்து வளர்ந்திருந்தது. ஒருநாள் அத்தான் அதில் கள்ளு முட்டி தொங்குவதைக் கண்டு என்னையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“பனை என்ரை பிரிவு. உதிலை சீவக் கூடாது” என்றார் அத்தான்.

“வேர் உங்கடைதான், விதானையார்” என்றார் கமக்காரர். “முட்டி கட்டியிருக்கிற இடத்தை ஒருக்கால் நிமிந்து பாருங்கோ. அது உங்கடை மச்சானின்ரை ஆகாயம்.”

குசினிக்குள் இருந்து அவருடைய மனைவி குரல் கொடுத்தாள். “கீழை சிந்திற கள்ளு எந்தப் பக்கம் விழுகுதெண்டும் பாத்துச் சொல்லுங்கோ. கல்லுக்கு அங்காலை விழுந்தால் எறும்புகளையும் பிடிச்சுக்கொண்டு போகலாம்.”

அத்தான் சிரித்துவிட்டார். வழக்கு அதோடு முடிந்தது. அந்தப் பெண் அப்படித்தான். வாய் ஓயாது. அந்தக் கல்லின் மேல் சுளகை வைத்து மிளகாய் காயப் போடுவாள். நான் அந்தப் பக்கம் போனால் மோர் கொண்டுவந்து தருவாள். “நான் ஒரு ஊரிலை சோறாக்கி மற்ற ஊரிலை போட்டுக் குடுக்கிறன். ஒரு பகலுக்குள்ளை எத்தினை தரம் ஊர் மாறுறன், எனக்கும் ஒரு உத்தியோகம் தரலாமெல்லோ?” என்பாள். கமக்காரரும் பழகிக்கொண்டார். அத்தான் தேடி வரும் நாளில் அவர் வீட்டுக்குள் இருப்பார். நான் தேடிப் போகும் நாளில் குசினிக்குள் இருப்பார். எதையாவது ஒளிக்க வேண்டுமென்றால் கல்லைத் தாண்டி மற்றப் பக்கம் கொண்டுபோய் வைப்பார். எங்களுக்கும் அது தெரியும். நாங்கள் தெரிந்தும் தெரியாமல் இருந்தோம்.

அந்தக் கிணற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். அது நல்ல தண்ணீர்க் கிணறு. ஒழுங்கையோரத்தில் வழிப்போக்கருக்காக வெட்டியது. கமக்காரருக்குச் சொந்தமான பிறகும், எங்கள் கோயில் தேருக்கு வைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கு அதிலேதான் அள்ளுவார்கள். அவர் ஒருநாளும் மறிக்கவில்லை.

நான் சொல்லப்போவது நடந்ததற்கு முந்திய வருடம் அத்தானின் பிரிவில் வாந்திபேதி வந்தது. அத்தான் உடனே அறிவித்தார். சுகாதாரக்காரர் வந்தார்கள். கிணறுகளுக்குள் மருந்தைக் கொட்டினார்கள், பாய் தலையணைகளைக் கொளுத்தினார்கள், சந்தையை மூடினார்கள், நோயாளிகளையும் நோயில்லாத உறவினரையும் ஒன்றாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நோய் நின்றது. ஆனால் சனங்கள் நோயின்மேல் கோபப்படவில்லை, அத்தான்மேல்தான் கோபப்பட்டார்கள். அவருடைய புகையிலைக் கன்றுகளை யாரோ பிடுங்கி வரப்பில் போட்டிருந்தார்கள். அவர் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு ஊரில் ஒருவரும் வரவில்லை. சமைத்த சோறு முழுவதையும் அக்கா மாட்டுக்கு வைத்தாள். “இனி என்ரை வாயாலை அந்த வருத்தத்தின்ரை பேர் வராது” என்று அத்தான் என்னிடம் சொன்னார். நான் அதை அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

அந்தப் பேரைச் சொல்லாமலிருக்க எனக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் கோயிலுக்குப் புதுத் தேர் செய்துகொண்டிருந்தோம். அதைத் தொடங்கியவர் என் தகப்பனார், அப்பு. அவர் முடிக்காமல் கண்ணை மூடிவிட்டார். அந்த வருடத் திருவிழாவில்தான் அது முதன்முதலாக வீதிக்கு வர இருந்தது. என் பிரிவில் வாந்திபேதி என்று ஒரு வார்த்தை மேலே போனால் தேர் இல்லை, பந்தல் இல்லை, சனமும் இல்லை.

தேருக்கு முதல்நாள் காலை கமக்காரர் என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“விதானையார், விடியப்புறம் தொடக்கம் மனிசிக்கு வயித்தாலை போகுது. சத்தியும் நிக்கேல்லை. அரிசி கழுவின தண்ணி மாதிரிப் போகுது.”

அது என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் கேட்ட கேள்வி இதுதான்.

“ஆள் எங்கை படுத்திருக்கிறா?”

“குசினிக்குள்ளை. அங்கை நிண்ட இடத்திலைதான் விழுந்தவ.”

“அப்ப அது அத்தானின்ரை பிரிவெல்லோ, அண்ணை. அவரட்டைப் போய்ச் சொல்லுங்கோ.”

அவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். விதானை அறிவித்தால்தான் ஆசுப்பத்திரி வண்டி வரும். அந்த நோய்க்காரரை மாட்டு வண்டிக்காரர் ஒருவரும் ஏற்ற மாட்டார்கள். இது அவருக்கும் தெரியும். மத்தியானத்துக்குள் ஏதாவது ஒரு வண்டி வந்திருந்தால் அவள் பிழைத்திருக்கக் கூடும் என்று பின்னாளில் ஆசுப்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் ஒரு அப்போதிக்கரி என்னிடம் சொன்னார். நான் யாரோ ஒருவரின் கதை போலத்தான் அவரிடம் கேட்டேன்.

கோயிலில் தேர் நிற்கும் தேர்முட்டியில் வாழை கட்டிக்கொண்டிருந்தோம். வெயில் உச்சிக்கு ஏறும்போது கமக்காரர் மறுபடி வந்தார். கோயிலுக்குக் கிட்ட வராமல் தூரத்தில் நின்று கையைக் காட்டினார். நான் போனேன்.

“உங்கடை அத்தான் வந்து பாத்தவர். வருத்தக்காரர் குசினிக்குள்ளை கிடக்கிறது சரியில்லையாம். வீட்டுக்குள்ளை கொண்டுபோய்க் கிடத்தச் சொன்னவர். கிடத்தியிட்டன். இனி நீங்கள்தான் வண்டிக்குச் சொல்லவேணுமாம்.”

அத்தானுக்கு என்னைவிட மூளை குறைவில்லை என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரம் என் மனதில் வந்தது அதுதான்.

நான் அவரோடு போனேன். வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் அவள் கிடந்தாள். கன்னம் ஒட்டிப்போய் ஒரு பகலுக்குள் வேறு ஆளாகியிருந்தாள். குரல் கம்மியிருந்தது. கமக்காரர் காலையிலிருந்து துணிகளைக் கிணற்றடியில் அலசி அலசிக் கொடியில் போட்டிருந்தார். அலசிய தண்ணீர் வாய்க்காலில் ஓடாமல் கிணற்றைச் சுற்றித் தேங்கி நின்றது. அதை நான் கண்டேன்.

“இஞ்சை புழுக்கமாக் கிடக்கு, அண்ணை” என்றேன். “குசினிப் பக்கம் காத்து வரும். கிணறும் கிட்ட. கழுவித் துடைக்க உங்களுக்கும் சுகம்.”

அவர் இவ்வளவு காலமும் கல்லுக்கு அங்காலும் இங்காலும் சாமான்களை மாற்றிப் பழகியவர். எல்லை என்றால் அப்படித்தான், விதானைமார் சொன்னால் மாற்றி வைக்க வேண்டியதுதான் என்று எங்கள் விளையாட்டே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. கட்டிலின் தலைமாட்டை அவர் பிடித்தார். தனியே தூக்க முடியவில்லை. கால்மாட்டை நான் பிடித்தேன். நான் செய்ததிலேயே துணிச்சலான காரியமென்று அதைச் சொல்ல வேண்டும். அந்த நோய் கிடந்த கட்டிலை ஊரில் வேறொருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். முற்றத்தில் கல்லைத் தாண்டும்போது அவள் கண்ணைத் திறந்தாள்.

“விதானையார், இப்ப நான் எந்த ஊர்?”

அவள் பகிடிக்குக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பழக்கத்தில் நான் சிரித்துவிட்டேன்.

பொழுது சாயத் தொடங்கும்போது, அவளைப் போட்ட இடத்தைப் பார்க்க அத்தானும் வந்தார், நானும் வந்தேன். இருவருக்கும் மற்றவர்மேல் நம்பிக்கை இல்லை.

“என்ன மச்சான், நான் அங்காலை விட்டதை நீ இங்காலை கொண்டுவந்து விட்டிருக்கிறாய்?”

“நோய் வந்தது இஞ்சை வைச்சுத்தானே, அத்தான்.”

“குடும்பம் உன்ரை பிரிவிலை பதிஞ்ச குடும்பம்.”

“விழுந்தது உங்கடை மண்ணிலை.”

கமக்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். கைகள் இரண்டும் ஈரமாக இருந்தன. “ஆராவது ஒராள் வண்டிக்குச் சொல்லுங்கோ. எந்தப் பேரிலை எண்டாலும் சரி, எந்த ஊரெண்டாலும் சரி. நான் கேக்கிறது வண்டி மட்டும்தான்.”

“வண்டி தனிய வராது” என்றார் அத்தான். “வண்டிக்குப் பின்னாலை எல்லாம் வரும். எனக்குத் தெரியும்.”

“முதலிலை ஆளை நடுவிலை வைப்பம்” என்றேன் நான். “ஆறுதலாக் கதைச்சு ஒரு முடிவுக்கு வருவம்.”

வேம்பின் நிழல் முற்றத்தில் விழுந்திருந்தது. கட்டிலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தோம். வைத்த பிறகு பார்த்தால் கல் கட்டிலின் அடியில் நின்றது. தலை என் பிரிவில், கால் அத்தானின் பிரிவில். நாங்கள் இருவரும் வேலியோரம் ஒதுங்கிப் போய்க் கதைத்தோம். அத்தான் போன வருடத்துப் புகையிலைக் கன்றுகளைச் சொன்னார். நான் அப்புவின் தேரைச் சொன்னேன். தேர் முடிந்த மறுநாள் நான் அறிவிக்கிறேன் என்றேன். அறிவித்தால் எந்தத் திகதியில் நோய் தொடங்கியதென்று கேட்பார்கள் என்றார் அவர். இரண்டு பேரும் நியாயமாகத்தான் கதைத்தோம். குரல் உயரவில்லை.

கமக்காரர் எங்களிடம் நடந்து வந்தார்.

“நீங்கள் ஆறுதலாக் கதையுங்கோ” என்றார். “இனி அவசரமில்லை.”

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். அவர் அவள் முகத்தை மூடிவிட்டு வந்திருந்தார்.

அதன் பிறகும் எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. ஊருக்குள் பிணம் கிடந்தால் கோயிலில் பூசை நடக்காது. ஆகவே சாவு என் பிரிவில் நடந்ததாக இருக்கக் கூடாது. “அத்தான், இதை நீங்கள் எடுங்கோ” என்று கேட்டேன். கடையில் சாமான் கேட்பது போலக் கேட்டேன். அத்தான் யோசித்தார். “எடுக்கிறன். ஆனால் வருத்தத்தின்ரை பேரைச் சொல்லமாட்டன். வயித்துக் குத்து எண்டுதான் சொல்லுவன்” என்றார். எங்கே உயிர் போனதென்று கமக்காரரிடம் ஒரு முறைக்காகக் கேட்டார்.

“கல்லைத்தானே நீங்கள் ரெண்டு பேரும் எப்பவும் பாக்கிறனீங்கள்” என்றார் அவர். “நீங்களே பாத்துச் சொல்லுங்கோ.”

பொழுது படுவதற்குள் அத்தானின் பிரிவுச் சுடலையில் எரித்துவிட்டார்கள். பறையடிக்க வேண்டாமென்று நான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் குடங்களோடும் வண்டிப் பீப்பாவோடும் அந்தக் கிணற்றடிக்குப் போயிருக்கிறார்கள். சாவு வீடு என்று அங்கே போய்த்தான் அறிந்தார்கள். சாவுத் தீட்டுப் பட்ட துடக்கு வீட்டுக் கிணற்றில் கோயிலுக்குத் தண்ணீர் அள்ளலாமா? கமக்காரர் அவர்களை மறிக்கவும் இல்லை, அள்ளச் சொல்லவும் இல்லையாம். “விதானையாரைக் கேட்டிட்டு அள்ளுங்கோ” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர்களில் பெரியவர் என்னிடம் வந்து கேட்டார்.

இதை எழுதுவதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் போயிருப்பார்கள். துடக்கு என்ற ஒரு வழக்கம், நோயைப் பற்றி ஒன்றும் தெரியாத சனங்களை அந்தக் கிணற்றிலிருந்து விலக்கிக்கொண்டு போயிருக்கும். உவர்த் தண்ணீரைக் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு தேர் இழுத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்கு வேறு கிணறு பார்த்தால் ஏன் என்று ஒருவன் கேட்பான், சாவு என்ன சாவு என்று இன்னொருவன் கேட்பான். எனக்கு அந்தக் கேள்விகள் வரக் கூடாது. எனக்கு எல்லை தெரியும், கிணற்றின் வரலாறும் தெரியும்.

“அது வீட்டுக் கிணறில்லை. ஒழுங்கைக் கிணறு” என்றேன். “வழிப்போக்கருக்கு வெட்டினது. அரசாங்கம் பிறகுதான் அவருக்குக் குடுத்தது. வீட்டுத் துடக்கு கிணத்துக்கு எப்பிடி வரும்? வீடு ஒரு பிரிவு, கிணறு ஒரு பிரிவு.”

பெரியவரின் முகம் தெளிந்தது. “படிச்சாக்களிட்டைக் கேக்கவேணும் எண்டது இதுக்குத்தான்” என்றார். “அப்ப அள்ளலாமே?”

“ஓம், அள்ளுங்கோ.”

தேர் நன்றாக ஓடியது. முதல் ஓட்டமென்று சுற்றூர்ச் சனமெல்லாம் வந்திருந்தது. அன்றைய வெயிலை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. வடம் பிடித்தவர்கள் ஒவ்வொரு மூலையிலும் நின்று பந்தலுக்கு ஓடினார்கள்.

அடுத்த கிழமை தொடங்கி இரண்டு பிரிவிலும் பறை ஓயவில்லை. ஆசுப்பத்திரி வண்டிகள் யாரும் கூப்பிடாமலே வந்தன. ஒரு வண்டியும் கல்லடியில் நின்று எந்தப் பிரிவென்று கேட்கவில்லை. கிணற்றை மண் போட்டு மூடினார்கள். கமக்காரர் துடக்குக் கழிந்ததும் காணியைப் பூட்டிவிட்டு வன்னிப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி. என்மேல் ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. நோயைக் கட்டுப்படுத்த நான் பாடுபட்டேனென்று எங்கள் மேலதிகாரியான மணியகாரர் எல்லாருக்கும் முன்னால் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

தேரன்றைக்கு நடந்த இன்னும் ஒன்று இருக்கிறது. தேர் வடக்கு வீதியில் நின்றபோது நான் மர நிழலில் ஒதுங்கினேன். நா வறண்டிருந்தது. அத்தான் வந்தார். அவர் கையில் இரண்டு இளநீர் இருந்தது. தன் வளவிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன். அவரும் குடித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அதுவரை அவருக்குத் தெரிந்திருக்காதென்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பற்றி அப்படி நினைத்திருக்கலாம்.

அக்கா பந்தலிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

“பாருங்கோவன், விதானைமாருக்கு இளநீர். எங்களுக்குப் பச்சைத் தண்ணி” என்று சிரித்துக்கொண்டே செம்பை உயர்த்தினாள்.

அத்தான் அவள் கையைப் பிடித்தார். “உதை விடு. இதைக் குடி” என்று தன்னுடைய இளநீரில் மிச்சமிருந்ததை அவளிடம் கொடுத்தார்.

“ஏன், தண்ணிக்கு என்ன?”

“ஒண்டுமில்லை. வெயிலுக்கு நல்லது.”

அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தேரைப் பார்த்தேன். அவள் இளநீரை வாங்கிக் குடித்தாள். மற்றக் கையில் செம்பு நிரம்பியபடி இருந்தது. நல்ல தண்ணீரை நிலத்தில் ஊற்ற எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். அக்கா அவளைத் திரும்பிப் பார்த்து, “இந்தா பிள்ளை, நீ குடி, குழந்தைக்கும் பருக்கு” என்று செம்பை நீட்டினாள். அவள் வாங்கி முதலில் குழந்தைக்குப் பருக்கினாள்.

நாங்கள் இரண்டு விதானைமாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.